உங்களுக்குத் தெரியுமா? புகைபோக்கி துடைத்தவர் சைக்கிள் ஏறிய கதை

கோவையில் 200, 300, 400, 600 கி.மீ. என்று ‘பிரெவே’ எனும் நெடுந்தூர சைக்கிள் பயணம் போகிறவர்களுக்குப் பெரிய கனவு ஒன்று உண்டு: பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரக் கெடு. இதே பெயரில் 1901 ஆகஸ்டில் தொழில்முறைப் பந்தயம் நடந்தது. மோரிஸ் காரன் என்ற வீரர் சுமார் 52 மணி நேரத்தில் முடித்து ஜெயித்தார். கியர் மாற்ற வழியில்லாத சைக்கிள், மண் சாலை!

காரன் பிரான்சுக்குப் பிழைக்க வந்தவர். 1871இல் இத்தாலியின் ஆவ்ஸ்டா பள்ளத்தாக்கில் ஆர்வியே கிராமத்தில் பிறந்து, சிறுவயதிலேயே எல்லை தாண்டி, வீடுகளின் புகைபோக்கி துடைத்தார். பந்தயத்தில் பெயர் வாங்கிய பிறகும் ‘குட்டிப் புகைபோக்கிக்காரன்’ என்ற பட்டப்பெயர் போகவில்லை. அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது 1901 டிசம்பரில்தான். ஆக, ஆகஸ்டில் பிரான்ஸ் கொண்டாடிய வீரர் காகிதத்தில் இத்தாலியர்! ஒரு நூற்றாண்டு கழித்தே இது வெளியே தெரிந்தது.

1903இல் முதல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். முதல் கட்டம் மட்டும் 467 கி.மீ.; கோவையிலிருந்து சென்னை போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. புறப்பட்ட 60 பேரில் 21 பேரே முடித்தார்கள். காரன், இரண்டாமவரைவிட ஏறக்குறைய 3 மணி நேரம் முந்தினார். (இன்றைக்கு நிமிடக் கணக்குக்கே அடித்துக்கொள்கிறார்கள்.) 1904இலும் அவர்தான் முதலில் வந்தார், ஆனால் மோசடிப் புகாரில் முதல் நான்கு பேரின் பரிசும் பறிபோனது. பிற்காலத்தில் லான்ஸ் நகரில் பெட்ரோல் பங்க் நடத்தினார்.