எண்ணெய் வடிகட்டியும் இறுக்கத்தின் அளவும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்ட அன்பர்கள், தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கணமோ இலக்கியமோ வருமென்று எதிர்பார்த்திருப்பர். யாமோ மோட்டார் வண்டியின் எண்ணெய் வடிகட்டியை எவ்வளவு இறுக்கிப் பூட்டுதல் வேண்டும் என்பதை எழுதத் துணிந்தோம். பொருள் சிறிது, ஆயின் அதனை அறியாமையால் யாம் எய்திய இடர் சிறிதன்று.

எஞ்சினுள் உலோக உறுப்புக்கள் ஒன்றையொன்று தேய்த்து அழியாவண்ணம் காப்பது எண்ணெய். சிறிய காரொன்றில் மூன்று அல்லது நான்கு லீற்றர் எண்ணெயே உண்டு. அதனைப் பம்பியொன்று அழுத்தத்துடன் ஓயாது சுழலச் செய்கின்றது. சுழலும் எண்ணெயிற் சேரும் உலோகத் துகளையும் கரியையும் பிரித்து நிறுத்துவதே கராஜ்களில் ‘ஒயில் பில்டர்’ என வழங்கும் வடிகட்டி. அமெரிக்காவில் 1923 ஆம் ஆண்டு ‘பியூரோலேட்டர்’ என்னும் பெயரில் இத்தகைய வடிகட்டி உருவாக்கப்பட்டது. பழைய மொறிஸ் மைனர் கார்களில் வடிதாள் ஓர் இரும்புக் கிண்ணத்துள் இருக்க, நீண்ட ஆணியொன்று அக்கிண்ணத்தைப் பிணித்து நின்றது. பிற்காலத்தில் வடிதாளும் தகர உறையும் ஒன்றாய், திருகிப் பூட்டும் வகை பரவிற்று. அவ்வுறை எஞ்சினோடு பொருந்தும் இடத்தில், எண்ணெயை வெளியேறாது தடுத்து நிற்பது ஒரேயொரு றப்பர் வளையமாகும்.

இனி எமது கதைக்கு வருவோம். பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு பழைய யப்பானியக் கார் ஒன்றை வாங்கியிருந்தோம். எண்ணெய் மாற்றும் கூலியை மிச்சம் பிடிக்க எண்ணி, ஒரு ஞாயிறன்று வெள்ளவத்தையில் எமது வீட்டு முற்றத்தில் அப்பணியைத் தொடங்கினோம். முன்னர்ப் பூட்டியவர் தம் பலமெல்லாம் காட்டியிருந்தமையால், பழைய வடிகட்டி அசைய மறுத்தது. அரைநாட் போராட்டத்தின் பின், உறை நசுங்கிக் கழன்றது. அதன் றப்பர் வளையம் மட்டும் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. யாம் அதனைக் கவனித்திலோம். புதிய வடிகட்டியைப் பழைய வளையத்தின் மேலேயே ஏற்றி, ‘கழன்றுவிடலாகாது’ என்னும் அச்சத்தால் ஸ்பனர் கொண்டும் முறுக்கினோம். கைக்கு அது மிக இறுக்கமாகவே தோன்றிற்று.

மாலையிற் குடும்பத்துடன் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்துக்குப் புறப்பட்டோம். கொள்ளுப்பிட்டி கடந்து காலிமுகத்திடலை அணுகுகையில் எண்ணெய்க்குரிய சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே எஞ்சினை நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். வந்த வழி நெடுகிலும் கரிய கோடொன்று கிடந்தது. இன்னும் சிறிது தூரம் ஓட்டியிருப்பின், எஞ்சினோடு எமது சேமிப்பும் அழிந்திருக்கும்.

எம்மிடம் முன்னர்ப் பயின்று, இன்று கொட்டாஞ்சேனையில் மோட்டார் திருத்தும் தொழில் செய்யும் மாணவர் ஒருவரை அழைத்தோம். அவர் வடிகட்டியைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்த இரு வளையங்களையும் காட்டினார். றப்பரின்மேல் றப்பர் வழுக்கும். எண்ணெயின் அழுத்தம் அதனைப் பக்கவாட்டில் பிதுக்கிவிடும். எத்துணை இறுக்கினும் பயனில்லை என்று விளக்கினார். பின்னர், “சேர், பலத்தைப் பாக்காதேங்கோ, சுற்றை எண்ணுங்கோ” என்றார்.

அச்சொல்லின் பொருளை ஆராய்ந்தோம். இத்தகைய கார்கள் பலவற்றில் திருகுபுரியின் இடைவெளி ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர். எனவே, வளையம் எஞ்சினைத் தொட்டபின் முக்காற் சுற்றுத் திருகினால், அது 1 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக நசுங்கும். எண்ணெயைத் தடுக்க அவ்வளவு போதும். குறையின் எண்ணெய் கசியும். மிகின் வளையம் உருக்குலையும், திருகுபுரியும் கெடலாம். கையுணர்ச்சியோ எம்மை ஏமாற்றும். உலர்ந்த றப்பர் உராய்வதால் நசுங்குமுன்னரே இறுக்கமாகத் தோன்றும். மேலும், எஞ்சினின் சூட்டில் வளையம் நாளடைவில் ஒட்டிக்கொள்வதால், கழற்றுதற்குப் பூட்டியதினும் மிகுந்த பலம் வேண்டும். கழற்றிய பலத்தையே பூட்டும் பலமென மயங்குவதால்தான் பலரும் தவறுகின்றனர்.

ஆதலாற் செய்யத்தக்கது யாதெனின்: பழைய வடிகட்டியோடு அதன் வளையமும் வந்துவிட்டதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். பொருந்தும் இடத்தைத் தூய துணியால் துடைத்தல் வேண்டும். புதிய வளையத்திற் சிறிது புதிய எண்ணெய் தடவி, வடிகட்டியைக் கையாலேயே திருகுதல் வேண்டும். வளையம் தொட்ட இடத்தை அடையாளமிட்டு, அங்கிருந்து முக்காற் சுற்று முதல் ஒரு சுற்று வரை திருகி நிறுத்துக. சில வடிகட்டிகளின் உறையில் இதற்கெனவே 1 முதல் 4 வரை எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். உறையிலோ பெட்டியிலோ வேறு அளவு கூறப்பட்டிருப்பின், அதனையே கொள்க. ஈற்றில் எண்ணெய் ஊற்றி, எஞ்சினைச் சில நிமிடம் இயக்கிக் கசிவு உண்டோ எனப் பார்த்து, நிறுத்தியபின் எண்ணெய் மட்டத்தையும் அளந்து கொள்க.

புதிய கார்கள் சிலவற்றில் உறையை மாற்றாது உள்ளிருக்கும் வடிதாளை மட்டும் மாற்றும் வகை மீண்டும் வந்துள்ளது. அவற்றின் மூடியிலேயே ‘25 நியூட்டன் மீற்றர்’ என்பது போன்ற அளவு பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. கால் மீற்றர் நீளமுள்ள ஸ்பனரின் நுனியில் ஏறக்குறைய 10 கிலோ பாரம் தொங்கினால் உண்டாகும் முறுக்கமே அது. அங்கே அளவுகாட்டும் ஸ்பனரைப் பயன்படுத்துதலே முறை.

வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் உண்டென்று வகுப்பிலே பல்லாண்டு கற்பித்தோம். மிகவேண்டாத இடத்தில் மிகுவித்தல் பிழையென மாணவரின் தாள்களிற் சிவப்புக் கோடிட்ட எமக்கு, எம் மாணவரே காலிமுகத்திடலில் அப்பாடத்தை மீட்டுக் கற்பித்தார். அன்று தொட்டு வடிகட்டி பூட்டும்போது ஸ்பனரை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, சுற்றை எண்ணியே பூட்டி வருகின்றோம். இதுவரை ஒரு சொட்டும் கசிந்ததில்லை.