பெண் சிசுக்களுக்காக மௌனம் கலைய வேண்டும்

பெண்களுக்கு எதிரான வன்முறை என்றதும் அடி, உதை, சீதனக் கொடுமை, பாலியல் துன்புறுத்தல் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. பிறந்து நாற்பது நாளளவே ஆன பெண் சிசுவின் மறைவுறுப்பில் வைக்கப்படும் கத்தி அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அது வீட்டுக்குள், பெண்களின் கையாலேயே நடப்பதுதான் இதற்குக் காரணம்.

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோரத்திலும் நாட்டின் ஏனைய முஸ்லிம் ஊர்களிலும் பெண் பிள்ளைகளுக்குக் கத்னா செய்யும் வழக்கம் இருந்து வருகின்றது. 'ஒஸ்தா மாமி' எனப்படும் பெண் வீட்டுக்கு வந்து இதனைச் செய்வார். ஆண் பிள்ளையின் கத்னா ஊரறிய விருந்தோடு நடக்கும். பெண் பிள்ளைக்கு நடப்பதை வீட்டு ஆண்கள்கூடப் பல வேளைகளில் அறிவதில்லை.

"சிறு கீறல்தானே" என்று சிலர் வாதிடுகின்றனர். ஆனால், பெண் பிறப்புறுப்புச் சிதைப்பை நான்கு வகைகளாகப் பிரிக்கும் உலக சுகாதார நிறுவனம், குத்துவதையும் கீறுவதையும் நான்காம் வகையில் சேர்த்துள்ளது. இதனால் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை. இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் ஏற்படலாம். சிசுவின் உறுப்போ மிகச் சிறியது. சற்றுக் கை பிசகினாலும் கீறல் வெட்டாகிவிடும்.

மார்க்கக் கடமை என்பதே அடுத்த வாதம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இது கடமை என்ற கருத்து வலுவாக உள்ளது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் 2008 இல் அவ்வாறே பத்வா வழங்கியது. எனினும் திருக்குர்ஆனில் இது பற்றிய கட்டளை இல்லை. ஆதாரமாகக் காட்டப்படும் ஹதீஸ் ஒன்றை, அதனைப் பதிவு செய்த இமாம் அபூதாவூதே பலவீனமானது எனக் குறித்துள்ளார். எகிப்தில் 2007 இல் சிறுமி ஒருத்தி இதனால் உயிரிழந்ததை அடுத்து, அல்-அஸ்ஹரின் உயர்பீடம் இவ்வழக்கத்திற்கு ஷரீஆவில் அடிப்படை இல்லை என அறிவித்தது. மறு ஆண்டே எகிப்து இதனைக் குற்றமாக்கியது.

இங்கு 2018 இல் சுகாதார அமைச்சு, வைத்தியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் இதில் ஈடுபடக் கூடாதெனச் சுற்றுநிருபம் வெளியிட்டது. அதனால் வைத்தியசாலைக் கதவு மூடப்பட்டது. வீட்டுக் கதவோ திறந்தே கிடக்கின்றது.

உலமாக்கள் தமது பத்வாவை மீளாய்வு செய்ய வேண்டும்; அரசு தெளிவான தனிச் சட்டம் இயற்ற வேண்டும். அதேவேளை, இதனை ஒரு சமூகத்தைத் தூற்றும் ஆயுதமாக அயலவர் எவரும் கையிலெடுக்கலாகாது. அவ்வாறு தூற்றுவது உள்ளிருந்து குரல் எழுப்பும் பெண்களின் வாயையே அடைக்கும். ஒஸ்தா மாமியை அழைப்பவர்களும் தாய்மாரும் பாட்டிமாருமே. அவர்கள் அழைக்காதிருந்தால் இவ்வழக்கம் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும் என்பதே எமது நம்பிக்கை.