கூட்டுத் தொழிலுக்கு வக்கீல் தேடும்போது

இருவர் சேர்ந்து தொழில் தொடங்க வக்கீல் வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி வாய்ப்பேச்சே ஒப்பந்தமாகிவிடும். ஆனால் பேசி முடிவு செய்யாமல் விட்ட இடங்களைச் சட்டமே நிரப்பிவிடும். திருப்பூரில் ஒருவர் இருபது லட்சம் போடுகிறார். இன்னொருவர் ஐந்து லட்சத்தோடு முழுநேர உழைப்பையும் தந்து பனியன் யூனிட்டை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறு ஏற்பாடு இல்லையென்றால் 13ஆம் பிரிவின்படி லாபமும் நஷ்டமும் சரிபாதி. உழைத்தவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. பிரச்சினை வரும் நாளில் இது இருவருக்குமே அநியாயமாகப் படும். ஒரு பங்குதாரர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

பெரும்பாலோர் ஆடிட்டரிடமோ ஆவண எழுத்தரிடமோ போய், பழைய பத்திரத்தில் பெயரை மாற்றி வாங்கிக்கொள்கிறார்கள். ஆடிட்டரின் யோசனை அவசியம்தான். பங்குதாரரின் சம்பளமும் முதலுக்கான வட்டியும் பத்திரத்தில் இருந்தால்தான் வருமான வரியில் கழிவு கிடைக்கும். வட்டிக்கு அதிகபட்சம் 12 சதவீதம். ஆனால் பங்குதாரர்கள் பிரிய நேர்வதைப் பற்றி யோசிப்பது வக்கீலின் வேலை.

வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. இணையதளங்களில் வக்கீல்களுக்கு மதிப்பெண் போட்டுப் பட்டியலிடுவதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. எனவே கேட்டு விசாரிப்பதே சரியான வழி: ஆடிட்டர், வங்கி மேலாளர், வணிகர் சங்கம், ஏற்கெனவே கூட்டாகத் தொழில் நடத்துபவர்கள். சிவில், வணிக வழக்குகளை நடத்துபவராக இருப்பது நல்லது. பங்குதாரர் சண்டை எந்த வரியில் தொடங்கும் என்பதை அவர் கோர்ட்டில் பார்த்திருப்பார்.

முதல் சந்திப்பிலேயே ஆளை எடைபோட்டுவிடலாம். உடனே மாதிரிப் பத்திரத்தை நீட்டுபவரைவிட, கேள்வி கேட்பவர் மேல். மாதம் எவ்வளவு எடுத்துக்கொள்வீர்கள்? செக்கில் யார் கையெழுத்து? ஒருவர் விலகினால் கடைப்பெயர் யாருக்கு, அவருடைய பங்கை எப்படி மதிப்பிடுவது? மூன்று பேரில் ஒருவர் இறந்தால் தொழில் தொடருமா? பத்திரத்தில் மாற்றிச் சொல்லாவிட்டால், பங்குதாரரின் மரணத்தோடு நிறுவனமே கலைந்துவிடும். மைத்துனர்களும் நண்பர்களும் ஒருவரையொருவர் கேட்கக் கூச்சப்படும் இவற்றை மூன்றாம் மனிதர் கேட்பதுதான் ஃபீஸுக்கான பலன். அந்த ஃபீஸ் எவ்வளவு, பதிவுச் செலவு அதில் அடங்குமா என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும்.

இருவருக்கும் ஒரே வக்கீல் பத்திரம் எழுதுவது வழக்கம். பின்னால் தகராறு வந்தால் அவர் ஒருவர் பக்கம் நின்று மற்றவரை எதிர்க்க முடியாது. முதலீடு ஏற்றத்தாழ்வாக இருக்கும்போது, கையெழுத்துக்கு முன் ஒவ்வொருவரும் தனித்தனி வக்கீலிடம் வரைவைக் காட்டுவது வீண்செலவு ஆகாது.

முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கியதோடு பதிவு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு என்பது தமிழ்நாட்டில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது. அது கட்டாயமில்லை. ஆனால் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, பதிவாகாத நிறுவனம் சரக்கு வாங்கியவரிடம் பாக்கியைக் கேட்டு வழக்குப் போட முடியாது. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்கு நிற்காது.