எல்லைக் கற்கள் – 6: சோழநாட்டுச் சுடுகாடும் காஜாங் கிராண்டும்

சென்ற வாரம் இங்கிலாந்தில் இருந்தோம். 1086இல் வில்லியம் மன்னனின் ஆட்கள் ஊர் ஊராகப் போய், நிலம் யார் கையில் இருக்கிறது, எத்தனை ஏர் ஓடுகிறது என்று ஊராரைச் சத்தியம் வாங்கி விசாரித்து டூம்ஸ்டே புத்தகத்தை எழுதினார்கள். அது கேட்டு எழுதிய கணக்கு. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே, 1001 வாக்கில், முதலாம் இராசராசன் சோழநாட்டு வயல்களைக் கோல் பிடித்தே அளக்க வைத்திருந்தான். அளந்த அதிகாரிக்கு உலகளந்தான் என்று பட்டம். அளந்தது என்னவோ காவிரிக்கரை வயல்களைத்தான். பட்டம் கொடுப்பதில் மட்டும் அரசர்கள் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

இந்த வாரம் அப்படி அளக்கப்பட்ட ஓர் ஊர், நாகப்பட்டினம் பக்கம் பட்டனக்கூற்றத்தில் இருந்த ஆனைமங்கலம். காஜாங்கில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பவருக்கும் அந்த ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. ஸ்ரீவிஜயத்துக்கும், இன்று கெடா எனப்படும் கடாரத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலத்தின் வருவாயை அந்த விகாரத்துக்கு விட்டான். கெடா அரசனின் கோயிலுக்குச் சோழநாட்டு நெல். இராசராசன் மறைந்த பிறகு அவன் மகன் இராசேந்திரன் அந்தக் கொடையைச் செப்பேட்டில் வெட்டுவித்தான். மொத்தம் 21 ஏடுகள். டச்சுக்காரர் கைக்குப் போய் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதே இராசேந்திரன்தான் 1025இல் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான். கொடையும் படையும் ஒரே கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன.

எல்லை வகுத்த விதத்தைப் பார்ப்போம். அரசாணை ஓலையாக நாட்டாருக்கு வரும். அவர்கள் எதிர்கொண்டு தொழுது வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். பிறகு ஒரு பிடியை, பெண் யானையை, ஊரின் எல்லையைச் சுற்றி நடத்துவார்கள். யானை போன தடத்தில் கல் நடுவார்கள், கள்ளி நடுவார்கள். கிழக்கே இந்த வாய்க்கால், தெற்கே அந்த ஊரின் நிலம் என்று திசை திசையாக எழுதி, சுற்றியுள்ள ஊர்களின் கணக்கர்கள் கையெழுத்திடுவார்கள். யானை எதற்கு? மங்கலம், அரச கௌரவம் என்பதெல்லாம் இருக்கட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. யானை மெதுவாக நடக்கும், எல்லார் கண்ணிலும் படும். அது எந்த வரப்போரம் திரும்பியது என்பதைப் பார்த்த நூறு பேராவது ஊரில் இருப்பார்கள். இங்கிலாந்துக் கிராமங்களிலும் வசந்த காலத்தில் பாதிரியாரோடு ஊரார் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். சில ஊர்களில் சிறுவர்களைத் தூக்கி எல்லைக் கல்லில் இடிப்பதும் உண்டு. வலித்த இடம் கிழவனானாலும் மறக்காது. ஓலையோ தோலோ தொலைந்தாலும் சாட்சி உயிரோடு இருக்கும்.

அளவு எப்படிப்பட்டது என்றால், ஆனைமங்கலம் 97 வேலி, அதற்குக் கீழே மா, காணி, முந்திரிகை என்று பின்னம் பின்னமாக இறங்குகிறது. வேலியில் இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, 320இல் ஒன்று முந்திரிகை. அதோடு விடவில்லை, அந்த முந்திரிகையை மறுபடி 320ஆகப் பகுத்துக் கீழ்க்கணக்கு வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பக்கம் பிற்காலத்தில் வழங்கிய வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். அந்தக் கணக்கில் இந்தக் கடைசிப் பங்கு மூன்று சதுர அடிக்கும் குறைவான துண்டு. ஒரு மனிதன் சம்மணமிட்டு உட்காரவும் போதாது. வரி விதிப்பவன் கண் அவ்வளவு கூர்மை. விகாரத்துக்கு வர வேண்டிய நெல் 8,943 கலமும் சொச்சமும். சொச்சத்தை நாழி வரைக்கும் எழுதியிருக்கிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த இடம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் விட்ட ஊர்களின் பட்டியல் அந்தக் கோயில் சுவரிலேயே கல்லில் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் முதலில் மொத்தப் பரப்பு. பிறகு கழிவு: குடியிருக்கும் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. இவற்றையெல்லாம் அளந்து நீக்கிய பிறகு மிஞ்சுவதற்குத்தான் வரி. இதில் கருணை ஒன்றும் இல்லை. விளையாத இடத்தில் நெல் கேட்க முடியாது, அவ்வளவுதான். சேரி தனியாக இருந்ததும், அங்கே இருந்தவர்களுக்கு அந்த வயலில் பங்கு இல்லாததும் அதே கல்வெட்டில் தெரிகிற சங்கதிகள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மனிதர்கள் குடியிருந்த இடமும், கும்பிட்ட இடமும், எரிந்த இடமும் தனித்தனிப் பரப்பாக ஏட்டில் ஏறின.

காஜாங்குக்கு வருவோம். சிலாங்கூரில் 1889இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்தவர் வில்லியம் மாக்ஸ்வெல். ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே ராபர்ட் டோரன்ஸ் 1858இல் தொடங்கிய நிலப்பதிவு முறையைக் கற்று வந்தவர். 1891இல் சிலாங்கூரில் அந்த முறை சட்டமானது. யானை வேண்டாம், அக்கம்பக்கத்துச் சாட்சி வேண்டாம். பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். வரைபடம், லாட் எண், மூலைக்கு மூலை எல்லைக் கல், கையில் கிராண்ட் என்கிற நிலப்பட்டா. வாங்கவும் விற்கவும் அடமானம் வைக்கவும் இதைவிடச் சுலபமான முறை இல்லை. சில ஆண்டுகளிலேயே கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காஜாங் பக்கம் இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டார்கள். 1921இல், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் பிராங் பெசார் தோட்டத்தைத் திறந்தார்கள். பி.பி. 86 என்ற ரப்பர் ரகத்தின் முதலெழுத்துகள் அந்தத் தோட்டத்தின் பெயர்தான்.

அந்தத் தோட்டங்களுக்குள் தொழிலாளர் குடியிருந்த லயம் இருந்தது, மாரியம்மன் கோயில் இருந்தது, கள்ளுக்கடையும் சுடுகாடும் இருந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்கச் சொன்னதால் பள்ளியும் இருந்தது. பள்ளி வேண்டும் என்று ஒரு சட்டம். அது நிற்கும் மண்ணைத் தனி லாட்டாக வெட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கிராண்டில் எல்லாம் ஒரே நிலம், ஒரே பெயர். மூன்று தலைமுறை மனிதர்கள் அந்த வரைபடத்தில் வெறும் வெள்ளைத் தாள்.

தோட்டம் ஓடிக்கொண்டிருந்தவரை இது யாருக்கும் உறைக்கவில்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்க, கூட்டாகச் சேர்ந்து வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். அந்தப் பத்தாண்டுத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் தனியாக ஆராய்ந்து எழுதினார். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, தோட்டத்தையே வாங்கச் சொன்னார். என் கணிப்பில் அவர் ஒருவர்தான் டோரன்ஸ் முறையைச் சரியாகப் புரிந்துகொண்ட நம் தலைவர். பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்கு வரலாறு உதவாது என்றால், பெயரை ஏற்றிவிட வேண்டியதுதானே. பிறகு தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்தது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாற இன்று தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். துண்டாடலுக்கு அது கடிவாளம். கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் அதில் இடமில்லை.

1990களில் பிராங் பெசார் நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. பழைய தோட்டக் கோயில்கள் இன்றும் மேம்பாட்டாளர்களோடு வழக்கில் நிற்பதற்கும், அவற்றில் ஒன்றான சீஃபீல்டு கோயிலைச் சுற்றி 2018 நவம்பரில் நடந்த கலவரத்துக்கும் வேர் இந்த வெள்ளைத் தாள்தான்.

சட்டத்தில் வழியே இல்லாமல் இல்லை. தோட்ட நிலத்தை வீட்டு நிலமாக மாற்றும்போது, சாலைக்கும் திடலுக்கும் ஒரு பகுதியை உரிமையாளர் மாநில அரசிடம் ஒப்படைப்பது வழக்கம். அரசு நிலமான பிறகு அதைப் பொதுத் தேவைக்கென்று தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின் கீழ் ஒதுக்கி அரசிதழில் வெளியிடலாம். ஒப்படைக்கும் பட்டியலில் பள்ளியையும் சுடுகாட்டையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் தருணம், திட்ட அனுமதி விண்ணப்பம் உள்ளூராட்சி மன்றத்தின் மேசைக்கு வருகிற அந்தச் சில வாரங்கள். அதைத் தவறவிட்டால், லாட் லாட்டாகக் கைமாறிய பிறகு ஒவ்வொரு புது உரிமையாளரின் வாசலிலும் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டியிருக்கும்.