வரிக்கு நட்ட கோபுரம், காற்றுக்கு நட்ட கோபுரம்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், அது ஆனி ஆடி மாதமாக இருந்தால், பணகுடியைத் தாண்டியதும் யாரும் சொல்லாமலே ஜன்னல் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். மேற்கு மலைத்தொடர் குமரிமுனையை நெருங்கும் இடத்தில், ஆரல்வாய்மொழியில், ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. அரபிக்கடலில் பிறந்த பருவக்காற்று, மற்ற இடங்களில் மலைமேல் மோதி மழையாக விழுந்துவிட, இந்த வாசலில் மட்டும் ஈரத்தைப் பெரும்பாலும் மேற்கிலேயே உதறிவிட்டு, நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்திக் காணிக்கை போடுகிறவர்கள் ஒரு கையால் உண்டியலையும் மறு கையால் வேட்டியையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அங்கே நின்று சுற்றிப் பார்த்தால் எங்கும் காற்றாலைகள். சிலவற்றுக்குக் கம்பிச் சட்டங்களைப் பின்னிய குட்டைக் கோபுரம். இறக்கைகள் படபடவென்று அவசரமாகச் சுழல்கின்றன. சிலவற்றுக்கு வழவழவென்று உயர்ந்த உருளைக் கோபுரம். இறக்கைகள் நிதானமாக, ஏதோ யோசித்துக்கொண்டு சுற்றுவதுபோல் சுற்றுகின்றன. ஆனால் உயரத்தைப் பார்த்து இவற்றை வகைப்படுத்துவதைவிட வேறொரு விதமாகப் பிரித்துக்கொள்வது எனக்கு வழக்கம்: வரிக்கு நட்ட கோபுரம் ஒன்று, காற்றுக்கு நட்ட கோபுரம் ஒன்று. காற்று இந்தக் கணவாயில் யுகயுகமாக அடித்துக்கொண்டிருந்தது; அதனால் ஒரு விளக்கும் எரியவில்லை. இத்தனை கோபுரங்களும் ஒரே தலைமுறைக்குள் முளைத்ததற்குக் காரணம் காற்றல்ல, சர்க்காரின் சட்டப் புத்தகம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கைத்தொழிலுக்கு மின்சாரத்தின் வழியாக சர்க்கார் கைகொடுப்பது நமக்குப் புதிதல்ல. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து சென்னை மாகாண சர்க்கார் மின்சாரம் எடுத்துக் கீழே அனுப்பியபோது, அதை முதலில் அனுபவித்த சீமை கோயம்புத்தூர். அங்கே 1888-லேயே நூற்பாலை வந்துவிட்டதென்றாலும், ஆலைகள் வரிசையாக எழும்பியது பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான். அன்று சர்க்கார் ஆலைகளுக்கு மின்சாரம் கொடுத்தது. அறுபது வருஷம் கழித்து அதே ஆலைக்காரர்கள், ஆளுக்கு இரண்டு காற்றாலை மூன்று காற்றாலை என்று தெற்கே போய் நட்டு, தமிழ்நாட்டு மின்கம்பிகளில் தாங்களே மின்சாரத்தை ஏற்றினார்கள் என்பது, சரித்திரம் சில சமயம் கடனைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஓர் உதாரணம்.

முதல் முயற்சி மின்சார வாரியத்தினுடையது. மத்திய சர்க்கார் 1982-இல் மரபுசாரா எரிசக்திக்கென்று தனித் துறை ஏற்படுத்தியிருந்தது. அதன் உதவியோடு 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கி, 1993 வரையில் பல இடங்களிலாக 120 யந்திரங்களை வாரியம் நிறுவியது. எல்லாம் சேர்ந்து 19 மெகாவாட்டுக்குச் சற்று மேல். இன்றைக்குப் பெரிய யந்திரங்கள் ஏழெட்டு அந்த வேலையைச் செய்துவிடும். ஆனாலும் எந்தக் கணவாயில் எவ்வளவு யூனிட் கிடைக்கும் என்பதை, தனியார் யாரும் கைப்பணத்தைப் பணயம் வைக்காமல், பொதுப்பணத்தில் கண்டறிந்து சொன்னது அந்தச் சிறிய யந்திரங்கள்தான். லாபம் இன்னும் நிச்சயமாகாத நிலையில் முதல் அடியைத் தான் வைப்பதுதான் சர்க்கார் ஒரு தொழிலுக்குச் செய்யக்கூடிய உபகாரங்களில் தலையாயது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது உபகாரம்தான் விசித்திரமானது. கோயம்புத்தூரில் நூற்பாலை நடத்தும் ஒரு கம்பெனிக்கு 1995-இல் ஒரு கோடி ரூபாய் லாபம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிகளுக்கு அப்போது வரி, மேல்வரியும் சேர்த்து, நூற்றுக்கு 46. ஆகவே 46 லட்சம் சர்க்காருக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனி ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்கி நட்டுவிட்டால், சாதாரண யந்திரங்களுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 25 என்று சிறுகச் சிறுகக் கழிக்கவேண்டிய தேய்மானத்தை, இதற்கு மட்டும் முதல் ஆண்டிலேயே நூற்றுக்கு நூறாகக் கழித்துக்கொள்ளலாம், லாபம் கணக்கில் பூஜ்யமாகிவிடும், வரியும் இல்லை. கண்டிப்பாகப் பேசினால் இது வரித் தள்ளுபடி அல்ல, வரியைத் தள்ளிவைப்பதே. ஆயினும் யந்திரத்தின் விலையில் பெரும்பகுதிக்குக் கடன் கிடைத்த அந்தக் காலத்தில், கையிலிருந்து போடவேண்டிய பங்கை இந்த வரி மிச்சமே ஈடுகட்டிவிட்டால், காற்றாலை இனாமாக வந்ததுபோலத்தான் ஆலைக்காரருக்குத் தோன்றும்.

இதிலே இன்னொரு நுட்பம் உண்டு. ஒரு யந்திரம் அந்தக் கணக்காண்டில் 180 நாளைக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் தேய்மானத்தில் பாதிதான் கிடைக்கும். ஆகையால் முழுச் சலுகை வேண்டுகிறவர் செப்டம்பர் முடிவதற்குள் யந்திரத்தைச் சுழலவிட்டாக வேண்டும். ஆரல்வாய்மொழியிலோ காற்று வைகாசியில் எழும்பிப் புரட்டாசியில் அடங்கிவிடுவது. காற்று ஓய்கிற நேரத்தில் கோபுரத்தை அவசரம் அவசரமாக நிமிர்த்தி, இரண்டு சுற்றுச் சுற்றவைத்து, தணிக்கையாளரிடம் கணக்கைக் கொடுத்துவிட்டு, அடுத்த வைகாசி வரைக்கும் அதை வேடிக்கை பார்ப்பதை எந்தப் பஞ்சாங்கம் ஒப்புக்கொள்ளும்? வருமான வரிப் பஞ்சாங்கம் ஒப்புக்கொண்டது.

தொண்ணூறுகளின் நடுவில் முப்பந்தலில் கோபுரங்கள் காளான்போல் முளைத்தன. அவற்றில் நல்லவையும் இருந்தன. காற்றின் போக்கைச் சரியாக அளக்காமல் நட்டவையும், ஒன்றின் நிழலில் ஒன்று காற்றில்லாமல் நின்றவையும் இருந்தன. யந்திரம் எத்தனை யூனிட் தந்தது என்று சலுகை கேட்கவேயில்லை. நட்டாயிற்றா என்று மட்டுமே கேட்டது. பிறகு 1996-இல், லாபம் சம்பாதித்தும் வரி கட்டாத கம்பெனிகளை வளைப்பதற்காகக் குறைந்தபட்ச மாற்று வரி என்று ஒன்று வந்தது. முப்பந்தலை உத்தேசித்து வந்ததல்ல அது. ஆனாலும் சலுகையின் ருசி குறைந்தவுடன் கோபுரம் நடுகிற வேகமும் விழுந்துவிட்டது.

இந்த இடத்தில் டென்மார்க்கின் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட அந்தச் சிறிய தேசம், 1979-இல், காற்றாலை வாங்குகிறவருக்கு விலையில் நூற்றுக்கு 30 பங்கைச் சர்க்காரே கொடுப்பதென்று தீர்மானித்தது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: ரீசோ என்னும் இடத்திலிருந்த சோதனை நிலையம் பரிசோதித்து நற்சாட்சி கொடுத்த யந்திரமாக இருந்தாலன்றி ஒரு காசு கிடையாது. கலப்பையும் பால் குளிர்விக்கும் சாதனமும் பாரம் தூக்கும் யந்திரமும் செய்துகொண்டிருந்த கிராமத்துப் பட்டறைகள் காற்றாலைக்குத் திரும்பின. அவர்கள் செய்த யந்திரம் ஒடிந்தால் ஏன் ஒடிந்தது என்று சோதனை நிலையத்தார் கூடவே உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். இறக்கை பறந்துவிடாமல் தானே நின்றுகொள்ளும் தடை வேண்டும் என்பது போன்ற விதிகள் மானியத்தின் வழியாகவே தொழிலுக்குள் புகுந்தன. மானியம் வருஷாவருஷம் குறைக்கப்பட்டு 1989-இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் தொழில் வளர்ந்து காலூன்றிவிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நம்மைப்போலவே வரிச்சலுகையை நம்பி ஆயிரக்கணக்கில் நட்டார்கள். எண்பதுகளின் நடுவில் சலுகை போனதும் நடுவதும் நின்றது, கேட்பாரற்று ஓய்ந்த யந்திரங்கள் மலைச்சரிவுகளில் நின்றன.

டென்மார்க்கின் அந்தப் பாடம் தாமதமாகவேனும் நம்மூருக்கு வந்தது. 1998-இல் சென்னையில் காற்றுச் சக்திக்கென்று மத்திய சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று ஏற்பட்டது. இன்று அது தேசிய காற்றுச் சக்தி நிறுவனம். அதன் சோதனை நிலையம், டென்மார்க் சர்க்காரின் உதவியோடு, கயத்தாற்றில் அமைந்தது. 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று மட்டுமே பள்ளிக்கூடத்தில் நாம் படித்த கயத்தாற்றில், காற்றாலை யந்திரங்களைச் சோதித்துத் தரம் சொல்கிறார்கள் என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது.

இவ்வளவுக்கும் நடுவே, பெரிய பட்ஜெட் அறிவிப்பு எதுவும் இல்லாமல், தமிழ்நாட்டில் காற்றாலையை உண்மையில் காப்பாற்றிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஆலை வட்டாரத்தில் அதைப் பேங்கிங் என்பார்கள். காற்று அடிப்பது வைகாசி முதல் புரட்டாசி வரை. ஆலை ஓடுவது வருஷம் முழுவதும். ஆரல்வாய்மொழியில் ஜூன் மாதம் கிடைத்த யூனிட்டை, வாரியத்தின் கணக்கில் பணம்போல் போட்டுவைத்து, ஜனவரியில் கோயம்புத்தூர் ஆலையில் எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் பிறக்கும் கணக்கு மார்ச்சில் முடியும். 2006-இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தபடி, போட்டுவைப்பதற்கு நூற்றுக்கு 5 யூனிட், கம்பிவழி கொண்டுசேர்ப்பதற்கு நூற்றுக்கு 5 யூனிட் கூலி. மின்வெட்டு கடுமையாக இருந்த 2008-க்குப் பிந்தைய வருஷங்களில், காற்றாலை வைத்திருந்த ஆலையின் கதிர்கள் ஓரளவாவது சுழன்றதற்கு இந்தக் கணக்குப் புத்தகம் ஒரு முக்கியக் காரணம். இதில் ஒரு காசு மானியமில்லை. ஆனால் சுழலாத யந்திரத்துக்கு இதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. காற்றுக்கு நட்ட கோபுரம் என்று நான் சொல்வது இதை நம்பி நட்டதைத்தான்.

வாரியத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் அது தர்மமாகாது. மின்சாரத்தைப் பானையில் ஊற்றி மூடிவைக்க முடியாது. ஆடி மாதத்தில் காற்று மிதமிஞ்சி அடிக்கும்போது வாங்கிக்கொண்ட யூனிட்டை, மாசி பங்குனியில் வாரியம் வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கித் திருப்பித்தர வேண்டியிருக்கிறது. அந்த நஷ்டத்தைச் சொல்லித்தான் பேங்கிங் கூலி பின்னாளில் ஏறிக்கொண்டே போயிற்று. அதை ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ள முடியாதது, விற்ற யூனிட்டுக்குக் காற்றாலைக்காரர்கள் மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்துக்கிடந்ததும், காற்று உச்சத்தில் இருக்கும் நாளில், கம்பியில் இடமில்லை, யந்திரத்தை நிறுத்து என்று உத்தரவு வந்ததும்.

டில்லியிலும் ஒரு நல்ல யோசனை 2009-இல் உதித்தது: நட்டதற்கல்ல, கம்பியில் ஏற்றிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா. தேய்மானச் சலுகையை விரும்பாதவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். நியாயமான திட்டம். ஆனால் 2012 மார்ச்சில் இதையும், அதற்குள் நூற்றுக்கு 80-ஆகக் குறைந்திருந்த தேய்மானச் சலுகையையும் ஒரே சமயத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டில் தேசம் முழுவதும் சுமார் 3,200 மெகாவாட் நட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டில் சுமார் 1,700. பிறகு 50 பைசா 2013-லும் தேய்மானம் 2014-லும் திரும்பி வந்தன. 2017 மார்ச்சோடு பைசா மறுபடி போயிற்று, தேய்மானம் பாதியாயிற்று. அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் யூனிட் விலை 3 ரூபாய் 46 பைசாவுக்கு இறங்கியது. 5,500 மெகாவாட் அளவுக்கு ஏறியிருந்த ஆண்டு வளர்ச்சி, மறு ஆண்டில் 1,800-க்கும் கீழே விழுந்தது. ஏலத்தால் விலை மலிந்ததில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் இறக்கை வார்க்கிறவரும், கோபுரம் வளைக்கிறவரும், பல்சக்கரத்துக்கு வார்ப்படம் ஊற்றும் பவுண்டரிக்காரரும், ஒரு வருஷம் மூன்று ஷிப்டும் மறு வருஷம் பூட்டிய கதவும் என்று எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள்?

இப்போது சர்க்காரின் கவனம் சூரிய ஒளிப் பலகைகளை இங்கேயே செய்வதற்குத் திரும்பியிருக்கிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுப் பலகைக்கு நூற்றுக்கு 40 சுங்கம் விதித்தார்கள். இங்கே செய்து விற்கிறவருக்கு உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை. கயத்தாற்றிலிருந்து தெற்கே சற்றுத் தூரத்தில், கங்கைகொண்டானில், டாட்டா குழுமத்தின் பெரிய தொழிற்சாலை எழுந்திருக்கிறது. நட்டதற்குக் கொடுக்காமல் செய்ததற்கும் விற்றதற்கும் கொடுப்பது என்ற அளவில் இது முன்னேற்றமே. மலிந்த பலகைக்குப் பழகிய வாங்குகிறவர் மீது சுங்கத்தின் பாரம் எத்தனை வருஷம் இருக்கும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

முப்பந்தலுக்குத் திரும்புவோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். ஆகவே வேகமான இடம் என்பது தங்கம். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிய பிறகும், நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த நம்மைக் குஜராத் முந்திவிட்டது. நம்முடைய தங்கமான இடங்களிலோ முதலில் வந்த குட்டை யந்திரங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நடுவதற்கென்று 2024-இல் தமிழ்நாடு சர்க்கார் ஒரு கொள்கையை வெளியிட்டது. பழைய கோபுரத்தைப் பிரித்துப் புதியதை நிறுத்தத் துணிகிற ஆலைக்காரர் சர்க்காரிடம் மானியம் கேட்க வேண்டியதில்லை. பேங்கிங் எத்தனை ஆண்டுக்கு உண்டு, அதன் கூலி எவ்வளவு, விற்ற யூனிட்டுக்கு எத்தனை நாளில் பணம் என்ற மூன்றை மட்டும், யந்திரத்தின் ஆயுள் முழுமைக்கும் மாறாதபடி, அவருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்த வைகாசிக்குள் கொடுங்கள்.