எழுத்தின் வழியே – 14: தென்னூரும் தேன்னூரும்

நாகரியின் 'ரு'கார உயிரெழுத்தையும், அதனால் ரிஷி நம்மிடம் இருடியானதையும் சென்ற வாரம் பார்த்தோம். அவ்வெழுத்தின் நெடிலை இவ்வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆயினும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சியில் எங்கள் தென்னூர் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சிறு சம்பவம் என் மனத்தை வேறொரு அக்ஷரத்தின்பால் இழுத்துச் சென்றுவிட்டது.

தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபையின் தமிழ்நாட்டுக் கிளை எங்கள் தென்னூரிலேயே இருப்பதால், பிராத்மிக் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இத்தெருக்களில் நிரம்ப உண்டு. அவர்களுள் ஒருத்தி, அடுத்த வீட்டுச் சிறுமி, நோட்டுப் புத்தகத்தில் ஊர்ப்பெயரை நாகரியில் எழுதி, "தாத்தா, சரிதானே?" என்று நீட்டினாள். எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. "நீயே வாசி, அம்மா" என்றேன். கற்ற முறைப்படி எழுத்துக்கூட்டி, "தேன்னூர்" என்று வாசித்துவிட்டுத் திகைத்து நின்றாள்.

குழந்தையின்மீது பிழையில்லை. வடமொழி வியாகரணத்தில் ஏகாரமும் ஓகாரமும் நெடிலே. குறிலுக்கு அங்கே வேலையில்லாததால் நாகரி அதற்கொரு வடிவம் வகுக்கவில்லை. எரிக்கும் ஏரிக்கும், கொடிக்கும் கோடிக்கும் மாத்திரை ஒன்றினால் பொருளே மாறிவிடும் நம் பாஷை அந்த லிபிக்குள் நுழையும்போது, பெட்டவாய்த்தலை பேட்டவாய்த்தலையாகிறது, திருவெறும்பூரும் நீண்டுபோகிறது.

குறில் எகரம் வடமொழிக்கு முற்றிலும் அந்நியமென்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். கி.மு. 2-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பதஞ்சலி தம் மஹாபாஷ்யத்தின் தொடக்கத்தில் சொல்லும் செய்தியை இவ்வாரம் மீண்டும் படித்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்தை எப்படி உரைப்பேன்! ஸாமவேதிகளுள் ஸாத்யமுக்ரி, ராணாயனீயம் என்னும் இரு சாகையார் அரை ஏகாரமும் அரை ஓகாரமும் ஓதுகிறார்களே, அவற்றையும் அக்ஷர வரிசையில் உபதேசிக்க வேண்டாமா என்ற ஆக்ஷேபத்தை அவரே எழுப்பிக்கொண்டு, அது அவர்கள் பரிஷத்திற்கு மட்டும் உரிய வழக்கு, உலக வழக்கிலோ மற்ற வேதங்களிலோ அது இல்லை என்று விடை கூறுகிறார். இலக்கணம் விலக்கி வைத்த ஒலியை அந்த ஸாமகர்கள் கைவிடாமல் ஓதி வந்திருக்கிறார்கள்! வேதம் ஓதியவர்களின் நாவில், நம் தென்னூரின் எகரத்திற்கு ஒரு சகோதரன் வாழ்ந்திருக்கிறான். அவத்தியில் ராமகதை பாடிய துளஸீதாஸரும் சந்தத்திற்காக ஏகாரத்தைப் பல இடங்களில் குறுக்கியே ஒலிக்கச் செய்கிறார். ஏட்டில் மட்டும் அதே நெட்டெழுத்துதான்.

கடைசியில் எழுத்தும் பிறந்தது. மத்திய ஹிந்தி இயக்ககம் 1966-இல் வெளியிட்ட விரிவாக்கப்பட்ட தேவநாகரியில், பிற பாரத பாஷைகளின் ஒலிகளுக்காகச் சேர்த்த சின்னங்களுள் குறில் எகரமும் ஒன்று. ஏகாரத்தின் தலையில் ஒரு சிறு வளைவு, அவ்வளவே.

இங்கேதான் என்னை வியக்க வைக்கும் விசேஷம் இருக்கிறது. தொல்காப்பியர் காலத்து முறையில் புள்ளியில்லாத வடிவம் நெடில், புள்ளி பெற்றது குறில். ஓலையில் புள்ளி விடுபட்டு இரண்டும் மயங்கியதைக் கண்டு, நம் திருச்சிக்குக் கிழக்கே கொள்ளிடத்திற்கு அப்பால் ஏலாக்குறிச்சியில் தொண்டாற்றிய வீரமாமுனிவர், 18-ஆம் நூற்றாண்டில் அந்த முறையைத் தலைகீழாக்கி, வெறும் வடிவத்தைக் குறிலுக்கு விட்டு நெடிலுக்குக் காலும் இரட்டைச் சுழியும் வகுத்தார் என்பர். நாகரியோ, நெடிலை வெறுமையாக விட்டுக் குறிலின்மீது குறியிட்டு, நாம் விட்டுவந்த தொல்காப்பிய வழியிலேயே சென்றிருக்கிறது! இத்தனை பொருத்தமான எழுத்தைப் பாடப்புத்தகத்திலும் பெயர்ப்பலகையிலும் தாராளமாக வழங்கினால், ஊர்ப்பெயர்கள் தம் ஒலியோடு வடக்கே போகும்.

சிறுமியின் கையைப் பிடித்து, தகரத்தின்மேல் ஏறிய சாய்கோட்டின் நுனியைச் சுருட்டிக் காட்டினேன். பலமுறை எழுதிப் பார்த்தாள். பிறகு பென்சிலை நிறுத்தி, "பொன்மலைக்கு என்ன செய்வது, தாத்தா?" என்றாள்.

ஒகரத்தின் கதை அடுத்த வாரம். 'ரு'காரத்தின் நெடில் அதற்கும் பின்னால்.

(தொடரும்)