எழுத்தெண்ணிக்கையும் ஆர் மொழியும்

இலக்கிய ஆராய்ச்சிக்கு எண்ணிக்கை புதுவது அன்று. கட்டளைக் கலித்துறையின் அடிக்கு, ஒற்று நீக்கி, நேரசை முதலாயின் 16 எழுத்து, நிரையசை முதலாயின் 17 எழுத்து எனக் கணக்கிட்ட மரபு நம்முடையது. எதனை எண்ணுவது, எதனை விடுவது என முன்னரே வரையறுத்தல் வேண்டும் என்பது அம்மரபு உணர்த்தும் பாடம். கணினி கொண்டு எண்ணுவார்க்கும் அதுவே முதற்பாடம் என்பதனை ஈண்டு விளக்குவாம்.

புள்ளியியற் பணிக்கென அமைந்த கணினி மொழிகளுள் 'ஆர்' பெருவழக்குடையது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்சும் உடனுழைத்தோரும் 1976இல் தொடங்கிய 'எஸ்' மொழியைத் தழுவி, நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990களின் தொடக்கத்தில் இதனை ஆக்கினர். விலையின்றிக் கிடைப்பதாகலின் மாணவர்க்கும் எளிதிற் கைவருவது.

பாடலொன்றின் சொற்களை நீளம் நோக்கி வகைப்படுத்த விரும்பினேம் என்க. நீளங் காணற்கு இம்மொழியில் 'என்கார்' என்னும் கட்டளை உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுப்பின் அது 5 என விடை தரும். எழுத்தோ மூன்றே. ஒருங்குறி முறையில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகள் நிற்றலின், கணினி அவற்றையே எண்ணிற்று. 'அகல' என்னும் சொற்கோ எழுத்தும் மூன்று, குறியீடும் மூன்று. ஆகவே பிழை எல்லாச் சொற்கும் ஒரே அளவினது அன்று. மெய்யும் அகரமல்லாத உயிர் ஏறிய உயிர்மெய்யும் மிக்க சொல்லில் மிகும். ஒரு தொகையைக் கழித்து இதனைத் திருத்தல் இயலாது. 'ஸ்டிரிஞ்ஜி' என்னும் துணைத்தொகுப்பால் எழுத்தெல்லை நோக்கிப் பிரித்து எண்ணின் 3 என்னும் விடை கிடைக்கும். பிரித்தபின் புள்ளியில் முடிவனவற்றை விலக்கின், ஒற்று நீக்கிய எண்ணிக்கையும் பெறலாம்.

இரண்டாவது சிக்கல் நுண்ணியது. 'பொன்' என்பதன் ஒகரக்குறியை ஒரு குறியீடாகவும், எகரக்குறியும் கால்குறியுமாகிய இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றே; கணினிக்கு வெவ்வேறு சொல். சொற்பட்டியலில் 'பொன்' இரு வரிசைகளில் வரக் காணின், வடிவங்களை ஒருமைப்படுத்திய பின்னரே எண்ணுதல் வேண்டும்.

மூன்றாவது, யானே தவறிய இடம். நீளங்களைக் குறித்த பட்டியலில், சிதைந்த சொற்கு எதிரே 'இல்லை' என எழுதியிருந்தேன். அவ்வொரு சொல்லால் பத்தி முழுவதும் எண்ணாகாது சொல்லாயிற்று. பின் 'காரணி' என்னும் வகைப்பாடும் ஆயிற்று. காரணியில் மதிப்புகள் அகராதி முறையில் நிற்கும். 10, 2, 3, இல்லை என்பன அவ்வரிசையில் நின்று 1, 2, 3, 4 என்னும் இட எண்களைப் பெற்றன. அதனை நேரே எண்ணாக்கியபோது, பத்தெழுத்துச் சொல் ஓரெழுத்தாயிற்று, 'இல்லை' நான்கெழுத்தாயிற்று. கணினி எச்சரிக்கை யாதும் தரவில்லை. அச்சராசரியின்மேல் ஒரு கட்டுரையே எழுதி முடித்திருந்தேன்.

பிழையைக் காட்டியது வரைபடம். கிடைக்கோட்டில் 2க்கு முன் 10 நின்றது கண்டு ஐயுற்றுக் கையால் எண்ணினேன். கட்டுரையை அச்சுக்கு அனுப்பாது நிறுத்தினேன். காரணியை முதலிற் சொல்லாக்கிப் பின் எண்ணாக்குதலே நெறி. அங்ஙனஞ் செய்யின் 'இல்லை' என்பது வெற்றிடமாகும்; எச்சரிக்கையும் தோன்றும். அட்டவணையைப் படிக்கும்போதே சொற்களைக் காரணியாக்கும் இயல்பு 2020இல் வந்த 4.0.0 பதிப்பில் நீக்கப்பட்டது. எனினும் பழைய நிரல்களைக் கையாள்வார் விழிப்புடன் இருத்தல் நன்று.

வரைபடம் அணியன்று, ஆய்வுக் கருவியாம். லேலண்ட் வில்கின்சன் 1999இல் வெளியிட்ட நூலிற்கு 'வரைபடங்களின் இலக்கணம்' எனப் பொருள்படப் பெயரிட்டார். அக்கருத்தைத் தழுவி ஹேட்லி விக்காம் ஆக்கிய 'ஜிஜிபிளாட்2' தொகுப்பு, தரவு, அச்சு, வடிவம் என்பவற்றைத் தனித்தனி உறுப்பாகக் கொண்டு, அவற்றின் புணர்ப்பால் படம் அமைக்கும். எழுத்தும் அசையும் சீரும் கூடி அடியாதலை அறிந்த நமக்கு இம்முறை அயலன்று.

ஆகவே, கணினி தந்த எண்ணை ஏற்குமுன் பத்துச் சொற்களையேனும் கையால் எண்ணி ஒப்பிடுதலும், முடிபு கூறுமுன் படம் வரைந்து நோக்குதலும் ஆய்வாளர் கடன். எண்ணுவது கணினியேயாயினும், எழுத்து இன்னது என வரையறுக்கும் பொறுப்பு நம்மதே.